சேர்ஃபிங் பழகும் பிள்ளைக்கு நீச்சல் எவ்வளவு வேணும்? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சித்திரை பிறந்து கடல் தெளிந்தால் இலங்கையின் கிழக்குக் கரையில் அறுகம் குடா, ஊறணி, பாணமைப் பக்கமெல்லாம், அலைமேல் நின்று சறுக்கும் சேர்ஃப் போர்ட் தூக்கிய பிள்ளைகளைக் காணலாம். பள்ளி விடுமுறையில் மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றில் இருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். கரையில் நிற்கும் தாய் தகப்பன் கேட்கும் கேள்விகள் வருடா வருடம் ஏறக்குறைய ஒன்றுதான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து விடை எழுதியிருக்கிறோம். முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை. ஆகவே மேலிருந்து வாசியுங்கள்.

என்ட மகனுக்கு நீந்தத் தெரியா. சேர்ஃப் பழகணும் எண்டு ஒரே பிடியா நிக்கிறான். விடலாமா?

தண்ணீரில் போர்ட்டோடு விட வேண்டாம். ஆனால் ஆசையை அணைக்கவும் வேண்டாம். சேர்ஃபிங்கில் கரையிலேயே பழகக்கூடிய பகுதி நிறைய இருக்கிறது: போர்ட்டை மணலில் வைத்து அதன் நடுவில் குப்புறப் படுப்பது, நெஞ்சை உயர்த்திக் கையால் வலிப்பது, இரண்டு கையையும் ஊன்றி ஒரே வீச்சில் எழும்பி நிற்பது, அலை எங்கே உடைகிறது, எத்தனை அலைக்கு ஒருமுறை கடல் அடங்குகிறது என்று பார்த்துச் சொல்வது. இதைச் செய்துகொண்டே பக்கத்தில் நீச்சலும் பழகட்டும். கடலில் இறங்கும் நாளை நாட்காட்டி தீர்மானிக்கக் கூடாது. கீழே சொல்லும் சோதனையில் அவன் தேறும் நாள்தான் அந்த நாள்.

போர்ட் மிதக்கும்தானே, காலிலயும் கயிறு கட்டியிருக்கு. பிறகு எதுக்கு நீச்சல்?

கேட்பவர்களில் பாதிப்பேர் இதைத்தான் கேட்கிறார்கள். இந்த நம்பிக்கைதான் மிகவும் ஆபத்தானது. லீஷ் என்று சொல்லும் அந்தக் கணுக்கால் கயிறு போர்ட் ஓடிப்போய் மற்றவர்மேல் படாமல் இருக்கவும், விழுந்தவர் அதைத் திரும்பப் பிடிக்கவும் உண்டானது. உயிர் காக்கும் கயிறாக அதை யாரும் செய்யவில்லை. வெயிலிலும் உப்பிலும் அது முறுகும், பாறையில் உரசி வெட்டுப்படும், காலைச் சுற்றும் ஒட்டுப்பட்டியில் மணல் நிறைந்தால் தானாகக் கழரும்.

அது எந்த நேரத்தில் அறும் என்று யோசித்துப் பாருங்கள். சின்ன அலையில் அறாது. பெரிய அலை போர்ட்டை ஒரு பக்கமும் பிள்ளையை மறுபக்கமும் இழுக்கும்போதுதான் அறும். போர்ட் நுரையோடு கரைக்குப் போய்விடும். பிள்ளை உருண்டு எழும்பி, உப்புத் தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கியபடி கால் எட்டாத இடத்தில் நிற்கும். அந்த நேரத்தில் கையில் இருப்பது நீச்சல் மட்டும்தான். ஆகவே பிள்ளையின் திறமையைப் போர்ட் இல்லாமல்தான் அளக்க வேண்டும்.

சரி, எவ்வளவு நீந்தத் தெரிஞ்சாக் காணும்?

இரண்டு படி வையுங்கள். முதற்படி, பிள்ளையின் இடுப்பளவு தண்ணீரில், உடைந்து வரும் நுரை அலையில், பழக்குபவர் கை எட்டும் தூரத்தில் பழகுவதற்கு. இதற்குப் பிள்ளை கண்ணாடி போடாமல், மூக்கைப் பிடிக்காமல், தலை முழுக்கத் தண்ணீருக்குள் போய் பதறாமல் வெளியே வரவேண்டும். மல்லாந்து 3 நிமிடம் அசையாமல் மிதக்கவேண்டும். கால் எட்டாத இடத்தில் நின்ற நிலையில் 2 நிமிடம் தலையை மேலே வைத்திருக்கவேண்டும். குப்புற இருந்து மல்லாரவும், மல்லாந்ததில் இருந்து குப்புறத் திரும்பவும் தெரியவேண்டும். நிறுத்தாமல் 50 மீற்றர் நீந்தவேண்டும். எந்த முறையில் நீந்தினாலும் சரி, வேகம் முக்கியம் இல்லை.

இரண்டாம் படி, அலை உடையும் இடத்தைத் தாண்டி வெளியே போவதற்கு. அதற்கு 200 மீற்றர் நிறுத்தாமல், அதுவும் கடலில், கழிசானும் சேட்டும் நனைந்த பாரத்தோடு. நீந்தி முடிந்த கையோடு 5 நிமிடம் மிதந்து, பேச்சுக் கொடுத்தால் முழு வசனத்தில் பதில் சொல்லவேண்டும். மூச்சிரைத்து ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் இன்னும் காணாது.

சோதிக்கும்போது ஒரு தந்திரம் செய்யுங்கள். பிள்ளை தயாராக நிற்கும்போது தொடங்காதீர்கள். ஓடி விளையாடிக் களைத்த பிறகு, பக்கவாட்டில் உருண்டு தண்ணீருக்குள் விழச் சொல்லி, விழுந்த இடத்தில் இருந்தே நீந்தச் சொல்லுங்கள். சேர்ஃபிங்கில் ஒவ்வொரு முறையும் நீச்சல் அப்படித்தான் தொடங்கும்: எதிர்பாராமல், திசை தெரியாமல், அரை மூச்சோடு. குளத்தில் 50 மீற்றர் அழகாக நீந்தும் பிள்ளை இந்த ஒரு மாற்றத்தில் 15 மீற்றரில் நின்றுவிடுவதுண்டு.

எங்கட புள்ள கடற்கரையில பிறந்து வளந்தது. அதுக்கும் தனியா நீச்சல் பழக்கணுமா?

கரைவலை இழுக்கும் இடத்தில் வளர்ந்த பிள்ளைக்குக் கடலைப் படிக்கத் தெரியும். எந்தக் காற்றுக்கு அலை எழும்பும், எங்கே மணல் குழி விழுந்திருக்கும் என்று அது சொல்லும். நகரத்துப் பிள்ளைக்கு அந்த அறிவு வர வருடங்கள் எடுக்கும். ஆனால் கரையோரப் பிள்ளைகளில் பலர் கழுத்தளவு வரை கால் ஊன்றி விளையாடிய பிள்ளைகள். கால் எட்டாத இடத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. சிலர் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி நாய்நீச்சல் அடிப்பார்கள். அதில் 20 மீற்றரில் கழுத்தும் தோளும் இறுகிவிடும். இந்தப் பிள்ளைகளுக்கும் மேலே சொன்ன சோதனை அப்படியேதான்.

பக்கத்தில நீச்சல் தடாகம் இல்ல. எங்க பழக்கிற? குளத்திலயா, களப்பிலயா?

எங்கள் பக்கத்தில் இதற்கு மிகவும் வாய்ப்பான இடம் பாசிக்குடா. குடாவுக்குள் அலை அடங்கி இருக்கும், கரையில் இருந்து வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுதான் தண்ணீர். ஆனால் அடுத்துள்ள கல்குடாக் கடற்கரையைப் பாசிக்குடா என்று நினைத்து இறங்காதீர்கள். அங்கே திறந்த கடல், ஆழமும் இழுவையும் வேறு. அறுகம் குடாவுக்கு உள்ளேயும் காற்று எழும்பாத காலை வேளைகளில் படகுகள் நிற்கும் பக்கத்தைத் தவிர்த்து அமைதியான துண்டுகள் கிடைக்கும்.

களப்பு வேண்டாம். மட்டக்களப்பு வாவியிலும் பொத்துவில் பக்கத்துக் களப்புகளிலும் முதலை உண்டு. முகத்துவாரத்தை அண்டிய இடமென்றால் நீரோட்டமும் சேரும். குளத்தில் பழக்குவதென்றால் ஊரார் குளிக்கும் படித்துறையில், முதலை இல்லை என்று அங்கே நித்தம் குளிப்பவர்கள் உறுதிசொன்ன இடத்தில் மட்டும். அங்கும் மண் அள்ளிய குழிகளும் தாமரைக் கொடியும் இருக்கும். முதலில் பெரியவர் ஒருவர் இறங்கிக் காலால் தடவிப் பார்த்து, பிள்ளை தாண்டக் கூடாத எல்லைக்குக் கயிறு கட்டுங்கள்.

ஒரு நன்மையும் சொல்லவேண்டும். கடல் நீரில் உடம்பு கூடுதலாக மிதக்கும். நன்னீரில் கொஞ்சம் தாழும். குளத்தில் 3 நிமிடம் மிதக்கும் பிள்ளைக்குக் கடலில் மிதப்பது லேசு. மறுபக்கம், குளத்தில் அலை முகத்தில் அடிக்காது. ஆகவே குளத்தில் பழகினாலும் கடைசிச் சோதனை கடலில்தான்.

எத்தினை வயசில தொடங்கலாம்?

நீச்சலை 6 வயதுக்குள் தொடங்குவது நல்லது. பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் பழக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும்கூட. போர்ட்டோடு வகுப்புக்கு 7, 8 வயது பொருத்தம். அந்த வயதில்தான் சொன்னதைக் கேட்டு உடனே செய்யும் பழக்கம் பிடிபடும். ‘நில்’ என்றதும் நிற்காத பிள்ளை எத்தனை வயதானாலும் இன்னும் தயார் இல்லை.

எந்த மாசத்தில, எந்த இடத்தில விடலாம்?

ஏப்ரல் கடைசியில் இருந்து செப்டெம்பர் வரை. இந்தக் காலத்தில் தெற்கே வெகுதூரத்து இந்து சமுத்திரத்தில் எழும்பும் அலைத்தொடர் எங்கள் கரைக்கு வருகிறது, காற்றோ பெரும்பாலும் தரையில் இருந்து கடலுக்கு வீசுகிறது. அதனால்தான் அலை ஒழுங்காக நிமிர்ந்து உடைகிறது. இங்கே கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. அலை தூரத்தில் பிறந்து வருவதால், வெயில் காய்ந்து காற்றே இல்லாத நாளிலும் கடல் பெருத்திருக்கலாம். வானத்தைப் பார்த்துக் கடலைக் கணிக்க முடியாது. இறங்குமுன் 20 நிமிடம் கரையில் இருந்து பாருங்கள். அலைகள் கூட்டமாக வரும். இடையில் சில நிமிடம் கடல் அடங்கும். அடங்கிய நேரத்தைப் பார்த்துவிட்டு ‘இன்றைக்குச் சின்ன அலை’ என்று பிள்ளையை இறக்குபவர்கள் அதிகம்.

தொடக்கத்துக்கு அறுகம் குடாவில் பேபி பொயின்ட், வடக்கே ஊறணியில் விஸ்கி பொயின்ட், தெற்கே பீநட் ஃபாமின் உட்பக்கம். முழங்காலளவு அலை காணும். பேபி பொயின்டில் அலையைவிடச் சனநெரிசலுக்குத்தான் பயப்படவேண்டும். விடியக் காலை 6 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் போனால் ஆளும் குறைவு, வெயிலும் குறைவு. கல்லடிக் கடற்கரையில் அலை கரையோடு ஒட்டிச் செங்குத்தாக விழும். அங்கே பார்த்து ரசிக்கலாம், பிள்ளையைச் சேர்ஃப் பழக விடக் கூடாது.

நவம்பரில் இருந்து பெப்ரவரி வரை வாடைக் காலம். மழைவெள்ளம் பெருகி முகத்துவாரம் உடைப்பெடுக்கும், அல்லது வெட்டித் திறப்பார்கள். களப்புத் தண்ணீர் முழுவதும் கலங்கலாகக் கடலுக்குப் பாயும், மரக்கட்டையும் சேர்ந்து வரும். அந்த மாதங்களில் பிள்ளைகளுக்குக் கடல் இல்லை.

லைஃப் ஜக்கெட் போட்டு விட்டா நீந்தத் தெரியாட்டியும் பரவாயில்லதானே? இல்லாட்டி லொறி ரியூப்?

தோணியில், படகில், களப்புச் சவாரியில் லைஃப் ஜக்கெட் கட்டாயம். உடையும் அலையில் அது இடைஞ்சல். அலை வரும்போது பிள்ளை அதற்குக் கீழே அமிழ்ந்து தப்பவேண்டும். ஜக்கெட் அதை மேலேயே பிடித்து வைத்திருக்க, அலையின் முழு அடியும் பிள்ளைமேல் விழும். படுத்துக் கை வலிக்கவும் முடியாது.

ரியூப், காற்றடைத்த வாத்து, கைவளையம் எல்லாம் எங்கள் கரையில் இன்னும் மோசம். கச்சான் காற்று மேற்கில் இருந்து வீசுகிறது. மேற்கு எங்களுக்குத் தரை, கிழக்கு கடல். தண்ணீருக்கு மேலே உயர்ந்து நிற்கும் எந்தப் பொருளையும் அந்தக் காற்று பாய்போலப் பிடித்து வெளியே கொண்டுபோகும். கரையோரம் காற்று உறைக்காது, 30 மீற்றர் தாண்டினால்தான் தெரியும். ரியூப் போனால் போகட்டும், அதன் பின்னால் நீந்தக் கூடாது என்பதைப் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லுங்கள்.

போர்ட் வாங்கும்போது, வாடகைக்கு எடுக்கும்போது எதைப் பாக்கணும்?

மேற்பரப்பு மென்மையான நுரைப் போர்ட், 6 முதல் 7 அடி, பிள்ளை தானே அக்குளில் இடுக்கித் தூக்கக் கூடியது. அடியில் இருக்கும் துடுப்பு வளையும் ரப்பராக இருக்கட்டும்; கடினமான துடுப்பு சவர அலகுபோல வெட்டும். பைபர் போர்ட் முதல் வருடம் வேண்டாம்.

லீஷைக் கையில் எடுத்து முழு நீளத்துக்கும் விரலால் உருவிப் பாருங்கள். எங்காவது நகம் மாட்டினால் அங்கே வெட்டு இருக்கிறது, அதை வாங்காதீர்கள். நீளம் போர்ட்டின் நீளமளவு இருக்கவேண்டும். ஒட்டுப்பட்டியைத் தண்ணீரில் அலசி மணல் போக்கி, பின்னால் நிற்கும் காலில், கயிறு வெளிப்பக்கம் பார்க்கக் கட்டுங்கள். ஒரு விரல் நுழையும் இறுக்கம் சரி. போர்ட்டின் வாலில் கட்டியிருக்கும் சிறு நூலையும் இழுத்துப் பாருங்கள். லீஷ் புதிதாக இருக்கும், ஆனால் அந்த நூல் உக்கிப்போயிருக்கும். பல வேளைகளில் அறுவது அந்த நூல்தான். கடைசியாக, கட்டிய லீஷைத் தன் கையால் கழற்றப் பிள்ளைக்குத் தெரியவேண்டும். பாறையில் சிக்கினால் தேவைப்படும்.

விழுந்தா என்ன செய்யணும் எண்டு எப்படிச் சொல்லிக் குடுக்கிற?

விழுவதைத்தான் முதலில் பழக்கவேண்டும், நிற்பதைப் பிறகு. தலைகுப்புறப் பாயவே கூடாது. ஆழமற்ற தண்ணீரில் கழுத்து முறிவது அப்படித்தான். பக்கவாட்டில் அல்லது பின்பக்கமாக, உடம்பை விரித்துத் தட்டையாக விழவேண்டும். விழும்போதே இரண்டு கையாலும் தலையையும் முகத்தையும் மூடவேண்டும். உள்ளே ஐந்து எண்ணும் வரை உருட்டினால் உருட்டட்டும், எதிர்த்து அடித்தால் மூச்சு வீணாகும். எழும்பும்போது ஒரு கை முதலில் மேலே வரவேண்டும், ஏனென்றால் போர்ட் தலைக்கு மேலே நிற்கலாம். கால் தரையில் பட்டாலும் துள்ளி நிற்காமல் மெதுவாக ஊன்றவேண்டும். கல்லுள்ள இடங்களில் கடல் முள்ளெலி இருக்கும்.

இன்னொன்றையும் ஓயாமல் சொல்லுங்கள்: அலைக்கும் உனக்கும் நடுவில் போர்ட்டை வைக்காதே. நடந்து உள்ளே போகும்போது போர்ட்டைப் பக்கத்தில், மூக்கு அலையைப் பார்க்கப் பிடிக்கவேண்டும். குறுக்கே பிடித்தால் நுரை வந்து அதைத் தூக்கி முகத்தில் அடிக்கும். உதடு கிழிவதும் பல் உடைவதும் பெரும்பாலும் இடுப்பளவு தண்ணீரில், இப்படித்தான்.

கடல் இழுக்குது எண்டு சொல்றாங்களே, அது எங்க இழுக்கும்? அதில மாட்டினா?

அலை கரைக்குக் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் எங்காவது ஒரு வழியால் திரும்பப் போகவேண்டும். மணல்மேட்டுக்கு இடையில் பள்ளமாக இருக்கும் இடத்தால், பாறையின் ஓரத்தால், முகத்துவாரத்தால் அது வெளியே ஓடும். அதுதான் இழுவை. இரண்டு பக்கமும் அலை உடைய நடுவில் மட்டும் உடையாமல் கறுத்துத் தெரிந்தால், அல்லது நுரையும் கலங்கலும் வெளிப்பக்கம் நகர்ந்தால், அங்கே இழுவை. புதிதாக வருபவர்கள் ‘இங்கே அலை இல்லை, அமைதியாக இருக்கிறது’ என்று அந்த இடத்தைத்தான் தேடிப் பிள்ளையை இறக்குகிறார்கள்.

ஏன் எதிர்த்து நீந்தக் கூடாது என்பதற்குக் கணக்கு ஒன்று போதும். 50 மீற்றரை 2 நிமிடத்தில் நீந்தும் பிள்ளை ஒரு செக்கனுக்கு 0.4 மீற்றர் போகிறது. சாதாரண இழுவையே செக்கனுக்கு அரை மீற்றர் ஓடும்; பலத்த இழுவை 2 மீற்றரைத் தொடும், அதை ஒலிம்பிக் நீச்சல் வீரராலும் வெல்ல முடியாது. இழுவை கீழே அமிழ்த்தாது, வெளியே மட்டும்தான் கொண்டுபோகும். அதனால் முதலில் மல்லாந்து மிதந்து மூச்சைப் பிடிக்கவேண்டும், ஒரு கையைத் தூக்கி ஆட்டவேண்டும். போர்ட் இருந்தால் அதன்மேல் படுத்து அதை விடாமல் பிடிக்கவேண்டும். தெம்பு இருந்தால் கரைக்கு நேராக இல்லாமல், கரையோடு இணையாக, அலை உடையும் பக்கம் பார்த்து நீந்தவேண்டும். அந்த நுரைதான் திரும்பக் கரைக்குக் கொண்டுவரும். சோதனையில் 3 நிமிடம் மிதக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

பொம்பிளைப் புள்ளைய விடலாமா? உடுப்புக்கு என்ன செய்யிற?

தாராளமாக விடலாம். அறுகம் குடாவில் 2018இல் தொடங்கிய பெண்கள் சேர்ஃப் கழகம் இலங்கையின் முதலாவது பெண்கள் சேர்ஃப் கழகம். பிள்ளை பெற்ற தாய்மாரும் அதில் அலை பிடித்தவர்கள். நீச்சல் பழக்காமல் விடுவதுதான் பெண் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். சேர்ஃப் பழகாவிட்டாலும் வெள்ளமும் குளமும் களப்பும் எங்கள் ஊரில் எல்லாருக்கும் பொது.

உடம்பை மூடும் உடுப்பு வெயிலுக்கும் போர்ட் உரசலுக்கும் நல்லது. நீளக்கை லைக்ரா மேற்சட்டை, கணுக்கால் வரை ஒட்டிய லெகிங்ஸ், தலையை மூடுவதென்றால் சட்டையோடு சேர்த்துத் தைத்த நீச்சல் தொப்பி. பருத்திச் சல்வார், ஷோல், ஊசி குத்திய ஹிஜாப், அகலக் கழிசான் வேண்டாம். பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனக்கும், துணியின் தொங்கல் கையிலும் லீஷிலும் சுற்றும். எந்த உடுப்போடு கடலில் இறங்குமோ அதே உடுப்போடு நீச்சல் சோதனையைச் செய்யுங்கள். சங்கிலி, தோடு, கறுப்புக் கயிறு எல்லாம் கரையில் கழற்றவேண்டும்.

சுனாமியில எங்கட குடும்பத்தில ஆக்களை இழந்திட்டம். கடல் எண்டாலே அம்மாக்கு நடுக்கம். புள்ளய எப்படி விடுற?

2004 டிசம்பர் 26க்குப் பிறகு கல்லடியில் இருந்து பொத்துவில் வரை இந்தக் கேள்வி இல்லாத வீடு குறைவு. பிள்ளைக்குப் பயம் இல்லாவிட்டாலும் பெரியவர்களின் பயத்தைப் பிள்ளை பார்த்து வளர்கிறது. வற்புறுத்த வேண்டாம். அம்மம்மாவோ அம்மாவோ வரச் சம்மதித்தால், முதல் நாள் மணலில் இருந்து பார்க்கட்டும், அடுத்த நாள் கால் நனைக்கட்டும். பாசிக்குடா போல அலை இல்லாத இடத்தில் தொடங்குவது இவர்களுக்கு இன்னும் பொருந்தும். நீச்சல் பழகும் பிள்ளையைத் தாய் கண்ணால் காண்பது நாங்கள் சொல்லும் எந்த ஆறுதலையும்விட உதவும்.

அதோடு சுனாமி அறிகுறியையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பழக்குங்கள். தரை நீண்ட நேரம் ஆடினால், கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினால், இரைச்சல் கேட்டால், போர்ட்டை விட்டுவிட்டு உடனே தரைப்பக்கம் உயரமான இடத்துக்கு ஓடவேண்டும். முதல் அலை போனதும் திரும்பி வரக் கூடாது. எங்கள் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே கடல் வெகுதூரம் வற்றினால் அது சாதாரணம் இல்லை.

பழக்கிற ஆளை எப்படித் தெரிவு செய்யிற? நல்லா சேர்ஃப் அடிப்பாராம்.

நன்றாக அலை பிடிப்பது ஒன்று, பிள்ளையைக் காப்பது வேறொன்று. உயிர்காப்புப் பயிற்சியும் முதலுதவியும் படித்தவரா, எந்த வருடம் படித்தார் என்று கேளுங்கள். ஒருவர் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார் என்று கேளுங்கள். 10 வயதுக்குக் கீழே ஒருவருக்கு இரண்டு பேர், அதற்கு மேலே நான்கு பேருக்குமேல் போகக் கூடாது. முக்கியமாக, உங்கள் பிள்ளையின் நீச்சலை அவர் தானாகச் சோதிக்கிறாரா என்று பாருங்கள். ‘நீந்தத் தெரியுமா?’ என்று வாயால் கேட்டு, ‘ஓம்’ என்றதும் போர்ட்டைக் கொடுப்பவரிடம் விடாதீர்கள். அலை பெருத்த நாளில் ‘இன்று வேண்டாம், காசைத் திருப்பித் தருகிறேன்’ என்று சொல்பவர் கிடைத்தால் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டு உடனே இறங்கினா தசை பிடிக்குமா?

அதனால் மூழ்குவார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் போர்ட்டில் வயிற்றை அமுக்கிப் படுப்பதால் வாந்தி வரும். சோறு தின்றால் ஒரு மணித்தியாலம் பொறுங்கள். வெறுவயிற்றிலும் விடாதீர்கள், இரண்டு வாழைப்பழம் காணும். கரைக்கு வரும் ஒவ்வொரு முறையும் தண்ணீரோ இளநீரோ கொடுங்கள்.

நான் கரையில நிக்கிறன். எதைப் பாக்கணும்? ஏதும் எண்டா கூப்பிடும்தானே?

கூப்பிடாது. மூச்செடுக்க முடியாதவருக்குக் குரல் வராது. மூழ்கும் பிள்ளை கையை ஆட்டாது; கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கும். உடம்பு ஏணியில் ஏறுவதுபோல நெட்டுக்கு நிற்கும், கால் உதையாது, வாய் தண்ணீர் மட்டத்தில் அமிழ்ந்து அமிழ்ந்து வரும், தலைமயிர் கண்ணை மறைத்தாலும் ஒதுக்காது. பார்ப்பவருக்கு அது விளையாடுவதுபோலத் தெரியும். 20 செக்கனில் இருந்து 60 செக்கன் வரைதான் இப்படி நிற்கும், பிறகு தாழ்ந்துவிடும். ஒரு போன் அழைப்புக்குப் பதில் சொல்லும் நேரம் அது.

ஆகவே ஒரு பெரியவருக்கு ஒரு வேலை: பார்ப்பது மட்டும். இரண்டு பேர் இருந்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ‘இப்போது நீங்கள்’ என்று வாயால் சொல்லி மாறுங்கள். பிள்ளைக்குக் கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் அல்லது இளம்பச்சைச் சட்டை போடுங்கள். நீலமும் வெள்ளையும் கடலில் காணாமல் போகும்.

மூத்தவன் நல்லா நீந்துவான். தம்பிய அவன் பாத்துக்கிருவான்தானே?

அந்தப் பாரத்தை அவன்மேல் வைக்காதீர்கள். மூழ்குபவர் காப்பாற்ற வந்தவரைப் பிடித்து ஏறுவார். அது அவர் மனம் அறிந்து செய்வதில்லை. ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவரும் போவது இப்படித்தான். மூத்தவனுக்குச் சொல்லவேண்டியது மூன்று காரியம்: சத்தம் போட்டுப் பெரியவரைக் கூப்பிடு, மிதக்கும் எதையாவது எறி, தம்பி இருக்கும் இடத்தில் இருந்து கண்ணை எடுக்காதே. கொஞ்சம் மட்டும் தண்ணீர் விட்டு மூடிய 5 லீற்றர் கலன் தூரத்துக்கு எறியவும் நல்லது, பிடித்து மிதக்கவும் நல்லது. பெரியவர் இறங்குவதென்றாலும் போர்ட்டோடு இறங்கி, அதைத் தனக்கும் மூழ்குபவருக்கும் நடுவில் தள்ளிக் கொடுக்கவேண்டும்.

புள்ள தண்ணி குடிச்சு மயங்கிட்டா, தலைகீழாத் தூக்கி வயித்த அமுக்கிறதுதானே?

வேண்டாம். தலைகீழாகத் தூக்குவது, தோளில் போட்டுச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் வயிற்றில் உள்ளதைத் தொண்டைக்குக் கொண்டுவந்து மூச்சுக்குழாயை அடைக்கும். பிள்ளைக்கு அப்போது தேவை காற்று. ஒரு செக்கனும் வீணாக்க முடியாது.

மல்லாக்கக் கிடத்தி, நாடியை (முகவாயை) உயர்த்தி, 10 செக்கனுக்குள் மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் உள்ளவர் 1990க்கு அழைத்து இலவச அம்புலன்ஸைக் கூப்பிடட்டும். மூச்சு இல்லையென்றால் மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து, நெஞ்சு உயரும் அளவுக்கு 5 முறை ஊதுங்கள். அதன் பிறகு நெஞ்செலும்பின் கீழ்ப் பாதியில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து 30 முறை அமுக்கி 2 முறை ஊதுங்கள். அமுக்கும் ஆழம் நெஞ்சின் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 5 சென்ரி மீற்றர். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. தனியாக இருந்தால் ஒரு நிமிடம் இதைச் செய்துவிட்டுப் பிறகு போனை எடுங்கள். வாந்தி வந்தால் பக்கவாட்டில் திருப்பித் துடைத்துவிட்டுத் தொடருங்கள். மூச்சு வரும் வரை, அல்லது அம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தவேண்டாம்.

மூச்சு திரும்பி எழும்பி இருந்தாலும் வீட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள். அறுகம் குடாப் பக்கமென்றால் பொத்துவில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. மயங்காமல் தண்ணீர் மட்டும் குடித்த பிள்ளையையும் அடுத்த 8 மணித்தியாலம் கவனியுங்கள். விடாத இருமல், வேகமான மூச்சு, அசாதாரணத் தூக்கம், நீலம் பாய்ந்த உதடு, இவற்றில் ஒன்று கண்டாலும் டொக்டரிடம்.

பெடியன்மார் தண்ணிக்குள்ள ஆரு கூட நேரம் மூச்சடக்கிற எண்டு போட்டி போடுறாங்க. அது சேர்ஃபுக்கு நல்லமாமே?

உடனே நிறுத்துங்கள். வேகமாகப் பலமுறை மூச்சிழுத்துவிட்டு அமிழ்ந்தால், மூச்சு முட்டும் உணர்வு வருமுன்னரே மூளைக்குப் பிராணவாயு குறைந்து மயக்கம் வரும். நன்றாக நீந்தும் பிள்ளைகள்தான் இதில் போகிறார்கள். முழங்காலளவு நுரை அலை ஒரு பிள்ளையை ஐந்தாறு செக்கனுக்கு மேல் கீழே வைத்திராது. அதற்குப் பதறாமல் இருக்கும் பழக்கமே போதும். தரையில் நின்று ஓடிக்கொண்டே மூச்சை ஒழுங்காக விடப் பழகட்டும்.

இழுப்பு, வலிப்பு இருக்கிற புள்ள?

இழுப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளை வரலாம். பம்ப் கரையில், பார்க்கும் பெரியவரின் கையில் இருக்கவேண்டும், பையின் அடியில் இல்லை. வலிப்பு என்றால் முதலில் டொக்டர் சம்மதம், பிறகும் ஒருவருக்கு ஒருவராக மட்டும். காதில் ஓட்டை, சீழ் என்றால் ஆறும் வரை தண்ணீர் வேண்டாம்.

மெயின் பொயின்டுக்கு எப்ப விடலாம்? கூட்டாளிமார் எல்லாம் அங்க போறாங்க எண்டு அழுகிறான்.

அறுகம் குடாவின் மெயின் பொயின்ட் வலப்பக்கம் ஓடும் நீண்ட அலை. கீழே கல்லும் முருகைக்கல்லும், சில இடங்களில் தண்ணீர் முழங்காலளவுதான். முனையைச் சுற்றி நீரோட்டம் ஓடும். ஜூலை, ஓகஸ்டில் உலகமெங்கும் இருந்து வந்த பெரியவர்கள் வேகமாக இறங்குவார்கள். அங்கே விழும் பிள்ளைக்குக் கடலும் மனிதரும் சேர்ந்து இடைஞ்சல்.

இரண்டாம் படிச் சோதனையில் தேறியிருக்கவேண்டும். பேபி பொயின்டில் ஒரு பருவம் முழுவதும், உடையாத பச்சை அலையைத் தானே பிடித்து, பக்கவாட்டில் ஓடி, வேண்டிய இடத்தில் விலகி நிறுத்தத் தெரியவேண்டும். அலை உடையும் முனைக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை சொந்தம், மற்றவர் விலகவேண்டும் என்ற ஒழுங்கை அறிந்திருக்கவேண்டும். பெரிய அலை வரும்போது போர்ட்டை எறிந்துவிட்டு அமிழக் கூடாது, பின்னால் ஆள் இருக்கும். இவ்வளவும் இருந்தால், நெஞ்சளவுக்கு மேல் அலை இல்லாத ஒரு காலையில், பழக்குபவர் பக்கத்தில் வர, பாறையின் ஓரத்து வாய்க்காலால் வெளியே கூட்டிப்போகலாம். முதல் நாள் அலை பிடிக்கத் தேவையில்லை. வெளியே இருந்து அரை மணித்தியாலம் பார்த்துவிட்டு, குடாவுக்குள்ளால் சுற்றிக் கை வலித்துத் திரும்பி வரட்டும். அந்தத் தூரத்தைச் சிரமம் இல்லாமல் வலித்துக் கரையேறினால் அடுத்த முறை ஒரு அலைக்கு விடுங்கள்.